பினாங்கிலிருந்து கோலாலம்பூர் (கே.எல்.) கல்லூரிக்கு மாற வேண்டும்: முடித்த பாடங்கள் வீணாகுமா?

பட்டர்வொர்த் தங்கை:
வணக்கம். பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமா படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்குச் செராஸ் பக்கம் வேலை மாற்றல். குடும்பமே கிளம்புகிறது. இங்கே தனியாக அறை எடுத்துப் படிக்க வசதி இல்லை. கே.எல்.லில் ஒரு கல்லூரியில் விசாரித்தேன். “முடிச்ச பாடம் எல்லாத்தையும் எடுத்துக்குவோம், இந்த வாரமே பதிவுக் கட்டணம் கட்டிடுங்க” என்று மார்க்கெட்டிங் ஆள் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் வேறு இருக்கிறது. இங்கே விலகல் கடிதம் கொடுத்துவிடலாமா?

செந்தூல்வாசி:
கொடுக்காதே தங்கச்சி. வாட்ஸ்அப்பில் சொன்னது எதற்கும் செல்லாது. எந்தெந்தப் பாடம், எத்தனை கிரெடிட் ஏற்கிறார்கள் என்று கல்லூரி முத்திரையோடு கடிதம் வரட்டும். அதற்குப் பிறகுதான் பணம், அதற்கும் பிறகுதான் விலகல்.

பதிவகத்து அக்கா:
தம்பி சொல்வது சரி. கல்லூரிப் பதிவகத்தில் வேலை செய்கிறேன், இந்த விண்ணப்பங்கள் என் மேசைக்கு வருகின்றன. கிரெடிட் மாற்றத்தை முடிவு செய்வது மார்க்கெட்டிங் இல்லை, அந்தத் துறை விரிவுரையாளர்கள்.

அவர்கள் பார்ப்பது மூன்று. பாடத்தின் உள்ளடக்கம் குறைந்தது 80 விழுக்காடு ஒத்துப்போக வேண்டும். நீ வாங்கிய கிரேடு சி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கிரெடிட்டும் குறையக் கூடாது. இந்த மூன்றாவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். நாட்டின் கல்வித் தர முகமையான எம்.கியூ.ஏ. கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். உன் பாடம் 3 கிரெடிட், 120 மணி. அங்கே அதே பாடம் 4 கிரெடிட் என்றால் பெயர் ஒன்றாக இருந்தாலும் தனியாக அது ஈடாகாது.

அதனால் மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்துக்கும் முழுப் பாடத்திட்டம் வாங்கிக்கொள். வாரவாரியான தலைப்புகளும் கற்றல் நேர அட்டவணையும் அதில் இருக்க வேண்டும். வெறும் அரைப் பக்கச் சுருக்கம் கொடுத்தால், ஒப்பிட ஒன்றுமில்லை என்று துறை திருப்பி அனுப்பிவிடும். இன்னும் அங்கே மாணவியாக இருக்கும்போதே கேள்; விலகிய பிறகு யாரும் அவசரப்பட்டுத் தேடித் தர மாட்டார்கள்.

அப்புறம், புதுக் கல்லூரியின் அந்த டிப்ளோமா, எம்.கியூ.ஏ. அங்கீகரித்த படிப்புகளின் எம்.கியூ.ஆர். பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் நீயே பார். கல்லூரி பெயரை மட்டும் பார்த்து விட்டுவிடாதே, படிப்பின் பெயரையும் பார்.

பட்டர்வொர்த் தங்கை:
நன்றி அக்கா. வணிகப் புள்ளியியலில் எனக்கு டி. இங்கே அது பாஸ்தான். எம்.பி.யு. பாடங்களும் முடித்துவிட்டேன்.

பதிவகத்து அக்கா:
டி போகாதும்மா, அங்கே அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். எம்.பி.யு. நாடு முழுக்க உள்ள கட்டாயப் பாடம். அதே டிப்ளோமா நிலை என்பதால் பெரும்பாலும் சிக்கல் வராது. ஏற்ற பாடங்களின் கிரேடு புதுக் கல்லூரியின் சி.ஜி.பி.ஏ.வில் (மொத்தத் தரப்புள்ளிச் சராசரியில்) சேருமா, கிரெடிட் மட்டும்தான் வருமா என்பதையும் எழுத்தில் கேள். பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அது முக்கியம்.

பாயான் லெப்பாஸ் அண்ணன்:
கடன் பற்றி யாரும் சொல்லவில்லையே. பி.டி.பி.டி.என். ஒப்பந்தம் குறிப்பிட்ட கல்லூரிக்கும் படிப்புக்கும் உரியது. நீ மாறினால் அது தானாகக் கூடவே வராது. விலகல் கடிதத்துக்கு முன்னால் அவர்களுடைய கிளைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், என்ன படிவம், இடையில் பணம் நிற்குமா என்று கேட்டுவிடு. புதுக் கல்லூரியின் முதல் செமஸ்டர் கட்டணத்துக்குக் கையில் ஏதாவது இருப்பது நல்லது. பழைய கல்லூரியில் பாக்கி இருந்தால் மதிப்பெண் பட்டியல் தாமதமாகலாம், அதையும் பார்த்துக்கொள்.

பட்டர்வொர்த் தங்கை:
கடிதம் வந்துவிட்டது. புள்ளியியலும் செலவுக் கணக்கியலும் ஏற்கவில்லை. செலவுக் கணக்கியல் அக்கா சொன்ன மாதிரியே இங்கே 3, அங்கே 4. மற்றதெல்லாம் சரி. அந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு செமஸ்டர் கூடும் என்கிறார்கள். அப்பா சம்மதித்துவிட்டார். கட்டணம் அடுத்த சேர்க்கைக்குக் கட்டுகிறோம். நாளை பி.டி.பி.டி.என். கிளைக்குப் போகிறேன், அது முடிந்த பிறகே விலகல் கடிதம்.