பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் ஓட்டப்பந்தயப் பதக்கமும் பிற்கால வாழ்வைச் சொல்லிவிடுமா?

கேள்வி: மஞ்சக்குப்பத்துத் தந்தை, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தினமும் காலை ஐந்தரை மணிக்கு அண்ணா விளையாட்டரங்கில் 400 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறாள். வகுப்பில் பன்னிரண்டாம் இடத்தை ஒட்டி நிற்கிறாள். பொதுத்தேர்வு முடியும்வரை பயிற்சியை நிறுத்திவிடுமாறு உறவினர்கள் சொல்கிறார்கள். பள்ளியில் ஒருவர் பெறும் இடம் பிற்கால வாழ்வை உண்மையிலேயே தீர்மானிக்கிறதா?

பதில் 1: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், புதுச்சேரி

ஐயா, விளையாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வயதுப் பிரிவுக்கு நாம் ஒரு தேதியை வரம்பாக வைக்கிறோம். அந்தத் தேதியை அடுத்துப் பிறந்த பிள்ளை, அதே பிரிவில் கடைசி மாதத்தில் பிறந்த பிள்ளையைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன். பன்னிரண்டு வயதில் ஓராண்டு என்பது தோளிலும் தொடையிலும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி என்பதை ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய குழுவினரும் 1985இல் எடுத்துக்காட்டினார்கள். அங்கே வரம்புத் தேதி ஜனவரி 1. நானும் வளர்த்தியைத் திறமை என்று எண்ணி, சிறிய பிள்ளைகள் பலரைத் தொடர் ஓட்ட அணியில் சேர்க்காமல் அனுப்பியிருக்கிறேன். அது இன்றும் எனக்கு வருத்தமே.

பதில் 2: ஆய்வு மாணவி, புதுச்சேரி

படிப்பிலும் இதே நிலைதான். அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் தொடங்கி, நுண்ணறிவுத் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற சுமார் 1,500 சிறுவர் சிறுமியரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் ஒருவர்கூட நோபல் பரிசு பெறவில்லை. அதே தேர்வில் தேறாமல் விடப்பட்ட சிறுவர்களான வில்லியம் ஷாக்லி 1956இலும் லூயிஸ் ஆல்வரெஸ் 1968இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். இதைக் கேட்டதும் நம் வீடுகளில் உடனே இராமானுஜன் பெயரைச் சொல்வார்கள். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர் 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார் என்பது உண்மையே. எனினும் அவர் மற்றப் பாடங்களைக் கைவிட்டது கணிதத்தில் இரவும் பகலும் மூழ்கியிருந்ததால்தான். தேர்வில் தவறிய எல்லோருக்கும் அதை ஆறுதலாகச் சொல்வது பொருந்தாது.

பதில் 3: ஒரு தாய், நெல்லிக்குப்பம்

ஆய்வெல்லாம் சரி, அண்ணா. ஆனாலும் மதிப்பெண் சில கதவுகளைத் திறக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்பதைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே பல பள்ளிகள் முடிவு செய்கின்றன. தமிழகத்தில் 2007 முதல் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசு கைவிட்டது நல்ல முடிவு. அதற்காகப் பாடத்தைத் தள்ளிவைக்க முடியாது. ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், நாள்களைக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு மகளின் கணக்கு நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் ஜூன் மாதம் முதல் ஒவ்வொரு நாள் ஓட்ட நேரத்தையும் பென்சிலால் எழுதி, குறைந்த நாள்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தாள். யாரும் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வாரம் நான்கு நாள் மட்டும் ஓடுவது என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணையும் ஓட்ட நேரத்தையும் இங்கே எழுதுகிறேன்.