டெபியன் 12-க்கு மாறியபின் மெசா கார்டில் 'எரர் ஃபினிஷிங் ரீட்': நெட்வொர்க் டிரைவர்தான் காரணமா?

எம்1டிஆர்_கோவை எழுதியது:

வணக்கம். ஒரு பழைய எம்1டிஆர் மில்லிங் மெஷினை லினக்ஸ்சிஎன்சிக்கு (கம்ப்யூட்டரிலிருந்து மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேர்) மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டரோடு நெட்வொர்க் கேபிளில் பேசி மெஷினை இயக்கும் மெசா 7ஐ96எஸ் கார்டு, நேர் கேபிள், நடுவில் ஸ்விட்ச் இல்லை. கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆபீஸ் பெட்டி: ஐ5-6500, போர்டிலேயே இருக்கும் இன்டெல் ஐ219-எல்எம் நெட்வொர்க். டெபியன் 10-ல் ஒரு குறையும் இல்லை. ஹார்டு டிஸ்க் போனதால் டெபியன் 12, ஆர்டி (ரியல்டைம்) கர்னல் 6.1, லினக்ஸ்சிஎன்சி 2.9 என்று புதிதாகப் போட்டேன். அன்று முதல் ஓட்டத்தின் நடுவே 'எச்எம்2: எரர் ஃபினிஷிங் ரீட்' என்று வந்து மெஷின் நின்றுவிடுகிறது. ஜாபில் குழி (பாக்கெட்) வெட்டும்போது நின்றால் எண்ட் மில்லும் போகிறது, ஜாபும் ஸ்கிராப்.

டிமெசேஜில் (கர்னல் பதிவு) டிரைவர் பற்றி ஒரு எரரும் இல்லை. சாதாரண பிங் 0.2 மில்லி நொடிக்குள் வருகிறது. ரீட் டிமேக்ஸ் (கார்டைப் படிக்க ஆன அதிகபட்ச நேரம்) மட்டும் 25 லட்சத்து 70 ஆயிரம் காட்டுகிறது. ஐபி முகவரியை டெஸ்க்டாப் நெட்வொர்க் ஐகானில்தான் கொடுத்தேன். டிரைவரை மாற்ற வேண்டுமா, கார்டை மாற்ற வேண்டுமா?

சிப்_பறக்குது எழுதியது:

ப்ரோ, எனக்கும் வந்தது. பாக்கெட் ரீட் டைம்அவுட்டை (கார்டின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) 95 சதவீதம் ஆக்குங்கள், இல்லையென்றால் சர்வோ த்ரெட்டின் (கார்டோடு திரும்பத் திரும்பப் பேசும் சுற்று) காலத்தை 2 மில்லி நொடியாக நீட்டுங்கள். ஈஈஈ என்ற மின்சார சேமிப்பையும் அணைத்துவிடுங்கள். மெசேஜ் போய்விடும்.

பழைய_லேத்து எழுதியது:

மெசேஜ் போய்விடும், உண்மைதான். தாமதம் போகாது. தம்பி, டைம்அவுட்டில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். நீங்கள் கொடுத்த எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது.

டிமேக்ஸ் என்பது சிபியு கிளாக் கணக்கு. உங்கள் பிராசஸர் 3.2 கிகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு மில்லி நொடிக்கு 32 லட்சம் கிளாக். மெசா டிரைவர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம், நீங்கள் ஒன்றும் மாற்றாவிட்டால், த்ரெட் காலத்தில் (வழக்கமாக 1 மில்லி நொடி) 80 சதவீதம். 32 லட்சத்தில் 80 சதவீதம் 25 லட்சத்து 60 ஆயிரம். உங்கள் எண் அதை ஒட்டியே நிற்கிறது பாருங்கள். பாக்கெட் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை இந்த எண் சொல்லவில்லை. காத்திருந்து கைவிட்ட இடத்தைத்தான் சொல்கிறது. உண்மையான தாமதம் 0.9 மில்லி நொடியாகவும் இருக்கலாம், 3 ஆகவும் இருக்கலாம்.

சாதாரண பிங்கை நம்ப வேண்டாம். அது நொடிக்கு ஒன்றுதான் அனுப்பும். ரூட்டாக, சிஎச்ஆர்டி 99 (ரியல்டைம் முன்னுரிமை) கொடுத்து, இடைவெளி 0.001 நொடி வைத்து, மெசா முகவரிக்கு ஒரு நிமிடம் பிங் ஓட விடுங்கள் (லினக்ஸ்சிஎன்சியை மூடிவிட்டு). சராசரியை விட்டுவிட்டு மேக்ஸை மட்டும் பாருங்கள். ஓடும்போது பிரவுசரைத் திறந்து ஜன்னல்களை இழுத்துப் போட்டு அலைக்கழியுங்கள்.

அப்புறம் நெட்வொர்க் போர்ட்டின் அமைப்பைக் காட்டும் ஈத்டூல் கட்டளை, சின்ன சி. அதில் ஆர்எக்ஸ் யூசெக்ஸ் எவ்வளவு என்று எழுதுங்கள்.

ஈஈஈ விஷயம்: இரண்டு முனையும் ஒத்துக்கொண்டால்தான் அது வேலை செய்யும். ஈத்டூலில் 'ஆக்டிவ்' என்று காட்டாவிட்டால் அதை மறந்துவிடுங்கள்.

எம்1டிஆர்_கோவை எழுதியது:

நன்றி அண்ணா. பிங் மேக்ஸ் 1.4 மில்லி நொடி, சராசரி 0.13. ஈஈஈ ஆக்டிவ் இல்லை. ஆர்எக்ஸ் யூசெக்ஸ் 3 என்று இருக்கிறது. 3 மைக்ரோ நொடிதானே, அது ஒரு தாமதமா?

பழைய_லேத்து எழுதியது:

அந்த 3 மைக்ரோ நொடி கிடையாது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உங்கள் சிப்புக்கான இ1000இ டிரைவரில் சின்ன எண்கள் முறையைக் குறிக்கும். 0 என்றால் இன்டரப்ட்டை (பாக்கெட் வந்ததும் சிபியுவைக் கூப்பிடும் மணி) கட்டுப்படுத்தாதே. 1, 3 என்றால் போக்குவரத்தைப் பார்த்து நீயே முடிவு செய். 3-ல் டிரைவர் நொடிக்கு 4,000 முதல் 20,000 இன்டரப்ட் வரை தானாக மாற்றிக்கொள்ளும். 4,000 என்றால் ஒரு பாக்கெட் 250 மைக்ரோ நொடி வரை கார்டிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஃபைல் காப்பி பண்ணும் ஆபீசுக்கு இது நல்ல ஏற்பாடு. ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் சேர்ந்ததும் கிளம்பும். டிரைவர் கெட்டுப்போகவில்லை, அதனால்தான் டிமெசேஜில் ஒன்றும் இல்லை.

ஈத்டூல், பெரிய சி, ஆர்எக்ஸ் யூசெக்ஸ் 0 என்று போட்டுப் பாருங்கள். ரீபூட் ஆனால் அது போய்விடும். நிரந்தரமாக வைக்க மெசா கையேட்டில் சொல்வதுபோல் இன்டர்ஃபேசஸ் ஃபைலில் 'ஹார்ட்வேர் ஐஆர்க்யூ கோயலெஸ் ஆர்எக்ஸ் யூசெக்ஸ் 0' வரியைச் சேர்க்க வேண்டும். ஐகானில் ஐபி கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் போர்ட் நெட்வொர்க்மேனேஜர் கையில் இருக்கிறது, அது இந்த ஃபைலைப் படிக்காது. ஐகானில் இருக்கும் இணைப்பை அழித்துவிட்டு, நிலையான ஐபியையும் இந்த வரியையும் ஃபைலிலேயே எழுதுங்கள். போர்ட்டின் பெயரையும் சரிபாருங்கள், ஐ219 பெரும்பாலும் ஈத்0 என்று வராது, இஎன்பி0எஸ்31எஃப்6 என்று வரும்.

250 மைக்ரோ நொடி மட்டும் உங்கள் 1.4-ஐ விளக்காது. மீதி வேறு எங்கோ இருக்கிறது. முதலில் இதை முடியுங்கள்.

எம்1டிஆர்_கோவை எழுதியது:

மாற்றிவிட்டேன். மேக்ஸ் 0.7-க்கு வந்தது. எரர் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. விசித்திரம் என்னவென்றால், மெஷின் சும்மா நிற்கும்போதுதான் இப்போது வருகிறது. வெட்டும்போது வரவில்லை.

நானோசெகண்ட் எழுதியது:

சும்மா இருக்கும்போது என்றால் சி-ஸ்டேட். வேலை இல்லாத கோர் தூங்கப் போகிறது. ஸ்கைலேக்கில் (உங்கள் ஐ5-6500-இன் தலைமுறை) ஆழமான தூக்கத்திலிருந்து எழ நூறு மைக்ரோ நொடிக்கு மேல் ஆகும். பயாஸில் சி-ஸ்டேட்டை அணையுங்கள். அந்த வசதி இல்லாத ஆபீஸ் போர்டு என்றால் கர்னல் வரியில் இன்டெல் ஐடில் மேக்ஸ் சி-ஸ்டேட் 1. கூடவே ஐசோல்சிபியூஸ் 3 போட்டு நான்காவது கோரைத் தனியாக ஒதுக்குங்கள்.

பழைய_லேத்து எழுதியது:

நானோ சொல்வது சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: கோரை ஒதுக்கினால் ரியல்டைம் த்ரெட் அங்கே போகும், ஆனால் நெட்வொர்க் இன்டரப்ட் பழைய கோரிலேயே, பிரவுசரோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கும். ப்ராக் இன்டரப்ட்ஸில் போர்ட்டின் எண்ணைப் பார்த்து அதன் அஃபினிட்டியை (எந்தக் கோரில் ஓட வேண்டும் என்பது) 8 ஆக்குங்கள். நான்காவது கோருக்கு அதுதான் மாஸ்க். இன்டரப்ட்டுகளைக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஐஆர்க்யூ பேலன்ஸ் ஓடினால் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் திரும்ப இடம் மாற்றிவிடும்.

எம்1டிஆர்_கோவை எழுதியது:

மூன்றும் செய்தாயிற்று. பயாஸில் சி-ஸ்டேட் அணைக்க இடம் இல்லை, கர்னல் வரிதான் போட்டேன். நேற்று காலை முதல் விடாமல் ஓடுகிறது, எரர் இல்லை. ரீட் டிமேக்ஸ் 5 லட்சத்து 90 ஆயிரம்.

பழைய_லேத்து எழுதியது:

கிட்டத்தட்ட 0.18 மில்லி நொடி. போதும். டைம்அவுட்டைத் தொடவே வேண்டாம்.

டர்னிங்_திருச்சி எழுதியது:

இடையில் நுழைகிறேன். என்னிடம் தனி ஐ210 கார்டு, ஐஜிபி டிரைவர். எனக்கும் ஆர்எக்ஸ் யூசெக்ஸ் 3 காட்டுகிறது. எரர் இதுவரை இல்லை. மாற்றலாமா?

பழைய_லேத்து எழுதியது:

ஐஜிபியிலும் அந்த 3 முறை எண்தான். 0 போடலாம், கெடுதல் இல்லை. போடுவதற்கு முன் ஒருமுறை, போட்ட பிறகு ஒருமுறை பிங் மேக்ஸ் எடுத்து இங்கே எழுதுங்கள்.