மாநகரம் என்ற பெயரா, ஒழுங்கையில் ஓடும் கானா?

உவர்மலைவாசி (கேள்வி):
எல்லோருக்கும் வணக்கம். நம் திருகோணமலை நகரசபை மாநகரசபையாகத் தரமுயர்ந்ததிலிருந்து வீட்டிலும் கடைத்தெருவிலும் ஒரே பேச்சுத்தான் நடக்கிறது. கிழக்கு மாகாணத்தின் தலைநகருக்கேற்ற நுழைவாயில் வளைவு வேண்டும், உட்துறைமுக வீதி இரவில் ஒளிர வேண்டும் என்கிறார்கள். கோணேசர் ஆலயமும் இயற்கைத் துறைமுகமும் உள்ள ஊரில் பிறந்த பெருமை எனக்கும் உண்டு. ஆனால் சென்ற வாரம் மாலை, பிரெட்ரிக் கோட்டை வாசலருகே ஒரு புள்ளிமான் யாரோ எறிந்துவிட்டுப் போன சோற்றுப் பார்சலைத் தின்றுகொண்டிருந்தது. சோறு தீர்ந்த பிறகும் அது சோறு சுற்றியிருந்த பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை விடவில்லை. கறி ஊறிய மூலையை இழுத்து இழுத்து விழுங்கியது. வெளியூர்ப் பயணிகள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊரின் மதிப்பை உயர்த்தும் வேலை முதலில் வர வேண்டுமா, குப்பையும் கானும் (மழைநீர் வடிகாலும்) முதலில் வர வேண்டுமா?

பாலையூற்றான்:
கான்தான் முதலில் வர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எங்கள் ஒழுங்கை (சிறு தெரு) முடிவில் ஒரு சிறு மதகு இருக்கிறது. கார்த்திகை மழை தொடங்கினால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் பாடசாலைக்குப் போக வேண்டும். ஓர் அலுவலகத்தில் கேட்டபோது மற்றோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். கடைசியில் அயலவர்கள் நான்கு பேர் அலவாங்கும் மண்வெட்டியுமாக இறங்கினோம். உள்ளே இருந்தவை இளநீர்க் கோம்பைகளும் பொலித்தீன் பைகளும் ஒரு பழைய பாயும்தான். இரண்டு மணித்தியாலத்தில் தண்ணீர் முழுவதும் வடிந்தது. அடைத்தவர்களும் நாங்களே என்பதை மறைக்க விரும்பவில்லை.

கிண்ணியாச் சகோதரி:
அண்ணா, இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது சரியாகப் படவில்லை. 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் நாட்டிலேயே நீளமானது என்று பெருமையாகப் பேசப்பட்டது. அதே பாலந்தான் படகுத்துறையில் காத்துக் கிடந்த எங்கள் காலத்தையும் முடித்துவைத்தது, ஆகையால் அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில் மக்கள் இழுவைப் படகை நம்பியிருந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி அந்தப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். பெரிய பாலத்தின் படம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. குறிஞ்சாக்கேணிப் பாலம் யாருக்கும் புகழ் தரக்கூடியது அல்ல. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி அது, அவ்வளவுதான். எந்த வேலையைப் பற்றிப் பேசினாலும் அது நிற்கும்போது யார் தண்ணீரில் இறங்க நேரிடும் என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்:
தம்பி பாலையூற்றான் அலைக்கழிக்கப்பட்டதற்கான காரணத்தைச் சொல்கிறேன். கண்டி வீதி போன்ற பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. வேறு சில வீதிகள் மாகாணத்தின் பொறுப்பில் உள்ளன. ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. மழைநீருக்கு இந்த எல்லைகள் தெரியாதாகையால், ஒருவர் வெட்டிய கான் இன்னொருவரின் மதகில் போய் முட்டுகிறது. இங்கேதான் மாநகரசபை என்ற தரத்துக்கு உண்மையான பயன் இருக்க முடியும். முன்பு 1939ஆம் ஆண்டின் நகரசபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் இருந்தோம். இப்போது 1947ஆம் ஆண்டின் மாநகரசபைகள் கட்டளைச் சட்டம் பொருந்துகிறது. ஆணையாளர், பொறியியலாளர் போன்ற பதவிகள் நிரப்பப்பட்டு, ஊரின் கான்கள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவந்து, எந்த மதகு யாருடையது என்று எழுதிவைத்தால், அந்த வரைபடத்தையே நான் இந்த ஊரின் கௌரவம் என்பேன். கடிதத் தலைப்பும் பெயர்ப்பலகையும் மட்டும் மாறினால் சோலைவரி (வீடு, காணிக்கான வரி) செலுத்துகிறவருக்கு எதுவும் மாறப்போவதில்லை.

உவர்மலைவாசி:
மிக்க நன்றி, ஐயா. கிண்ணியாச் சகோதரி எழுதியதை வாசித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன். அலங்கார விளக்கு வேண்டாம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். வரிசையில் அது பின்னால் நிற்கட்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மதகுகளின் பொறுப்பு யாருடையது என்று கேட்டு விண்ணப்பிக்கப் போகிறேன். ஐப்பசிக்கு முன் அனுப்ப வேண்டும். அடைபட்ட மதகு உங்கள் ஒழுங்கையில் இருந்தால் வீதியின் பெயரோடு இங்கே எழுதுங்கள். பாலையூற்று மதகை முதலாவதாகக் குறித்துக்கொண்டேன்.