பாசிக்கரையில் பால்வாடி: மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கச்சான்காற்று:

பால்வாடியில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு பற்றி, நேரே விஷயத்துக்கு வருகிறேன். மண்டபம் பக்கம் ஒரு கரை ஊர். மாவு கொடுக்கும் நாள். இடுப்பில் எட்டு மாதப் பிள்ளையோடு ஒரு தாய், பாசி எடுத்துவிட்டு ஈரச் சேலையோடு நேரே வந்து நிற்கிறார். பேர் பட்டியலில் இருக்கிறது, பாக்கெட்டும் மேசைமேல் இருக்கிறது. டீச்சர் போனை முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ண மூடித் தொறங்க" என்கிறார். வெயிலில் மூன்று மணி நேரம் கடலுக்குள் முக்குளித்த கண், சிவந்து சுருங்கி இருக்கிறது. ஆனால் சிக்கல் கண்ணில் இல்லை. முதல் பதிவே முடியவில்லை, ஆதாருக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். அந்த எண் வீட்டுக்காரருடையது.

"அந்த நம்பரு அக்கரையில இருக்கு டீச்சர்."

படகோடு போனும் இலங்கையில், காங்கேசன்துறையில் கிடக்கிறது. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. பாக்கெட்டை ஓர் அங்குலம் தன் பக்கம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். அந்த ஓர் அங்குலம்தான் இன்னும் உறுத்துகிறது.

முறை தெரியாதவர்களுக்கு: 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவுக்கு முக அடையாளம் கட்டாயம். மையத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைக்கு இது கிடையாது. அங்கன்வாடிப் பதிவுக்கான போஷன் டிராக்கர் செயலியில் முதலில் ஆதார் எண், ஓ.டி.பி., படம் என்று ஒரு தடவை பதிய வேண்டும். அதன்பிறகு மாவு வாங்கும்போதெல்லாம் முகம் அந்தப் படத்தோடு பொருந்த வேண்டும். பிள்ளைக்குத் தனி ஆதார் தேவையில்லை, தாயின் ஆதாரே போதும். கெடுவது பெரும்பாலும் முதல் படியில், அதுவும் எண் மாறியதால்தான். வீட்டுக்கே வரும் தபால்காரர் மூலமாக எண்ணை மாற்றலாம், அல்லது ஆதார் மையத்துக்குப் போகலாம். பாசி எடுப்பவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும், ஆகவே கருவிழி பார்க்கும் கருவி உள்ள மையமே நல்லது. இரண்டாவது படியில் கெட்டால் வெளிச்சத்தைப் பாருங்கள். கடலைப் பார்த்த திண்ணையில் முதுகுப்பக்கம் வெளிச்சம் விழ நின்றால் முகம் கருத்துவிடும். உள்ளே கூட்டிப் போய், சன்னலைப் பார்க்க நிறுத்துங்கள்.

கஞ்சிப்பாசி:

மாவாவது அடுத்த மாதம் கிடைத்துவிடும். இதைக் கேளுங்கள். வேறொரு கரை ஊர், காலை பத்தரை. மையத்துக்குள்ளே மூன்று வயதுத் தம்பி பாட்டுப் படிக்கிறான். வெளியே படியில் பத்து வயது அக்கா, இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை. பள்ளிக்கூட நாள். "ஏம்மா போகலை?" என்றதற்கு அந்தப் பிள்ளை விரலை மடக்கி எண்ணிக் காட்டியது: "அமாவாசைக்கு ஆறு நாளு, பௌர்ணமிக்கு ஆறு நாளு அம்மா பாசிக்குப் போவாக. அப்ப வரமாட்டேன். மத்த நாளு வருவேன்." பஞ்சாங்கம் மாதிரி ஒப்பித்தது.

பால்வாடியில் பிள்ளையை விட்டுவிட்டு வர இரண்டு வயதாவது ஆக வேண்டும். அதற்கு முந்தின வயதுக்கு மாவும் தடுப்பூசியும் எடையும் உண்டு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்த இடைவெளிக்கென்றுதான் மத்திய அரசின் பால்னா காப்பகத் திட்டம்: ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம், 25 பிள்ளைக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் பாசிக்கு இறங்குவது கடல் தண்ணி வத்துகிற நேரத்தில், அது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்றைக்கு விடியற்காலை ஐந்துக்கு இறங்கினால் ஐந்து நாள் கழித்து ஒன்பது பத்து. ஒன்பதிலிருந்து நாலரை வரை திறந்திருக்கும் காப்பகம் முதல் நாள் இவர்களுக்குப் பயன்படாது, ஆறாம் நாள் பயன்படும். நாளுக்கு ஏழரை மணி என்று கணக்கிடாமல் மாதத்துக்கு 195 மணி என்று கணக்கிட்டு, நேரத்தை ஊர்ப் பெண்களே முடிவு செய்யட்டும் என்று விட்டால் ஒரு ரூபாய் கூடச் செலவில்லை. பிரச்சினை பணம் இல்லை, மணி.

தராசுமுள்:

இருபத்திரண்டு மாதப் பையன். பதிவேட்டில் உயரத்துக்கேற்ற எடை சரி, வயதுக்கு ஆள் மட்டும் குட்டை என்று இருந்தது. தாய்க்கு நிம்மதி. மேல்கைச் சுற்றளவு பார்க்கும் கையளவு நாடாவைச் சுற்றியபோது அம்புக்குறி சிவப்பில் நின்றது: 11.3 செ.மீ. தாய் நாடாவைப் பார்க்கவில்லை, நாடா பிடித்த ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தப்பு எங்கே என்று தேடினால் இரண்டு இடம். ஒன்று, சுவரில் நிற்க வைத்து உயரம் எடுத்திருக்கிறார்கள். இரண்டு வயதுக்குக் கீழ் படுக்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். நின்றால் சுமார் 0.7 செ.மீ. குறைவாக வரும். அப்போது பையன் குட்டையாகத் தெரிவான், குட்டைக்கு அந்த எடை போதும் என்று கணக்கு சொல்லும், மெலிவு மறைந்துபோகும். இரண்டு, அரைஞாண், வெள்ளித் தண்டை, தாயத்து எல்லாவற்றோடும் எடை போட்டிருக்கிறார்கள். கழற்றியதும் 180 கிராம் இறங்கியது. திரும்ப எடுத்தால் மெலிவு வெளியே வந்தது. பிழை இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து பிள்ளையை ஒளித்துவிட்டன.

படுக்க வைத்து எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் தலையை நிலைப்பலகையில் ஒட்டிப் பிடிக்க வேண்டும், பிள்ளையின் பார்வை நேரே கூரைக்குப் போக வேண்டும். மற்றவர் இரண்டு முழங்காலையும் அழுத்தி, நகரும் பலகையை உள்ளங்காலில் தட்டையாக ஒட்ட வேண்டும். ஒரு காலை மட்டும் பிடித்தால் இடுப்பு சாய்ந்து அளவு தவறும். கையளவு இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் சரிபாதியில், கை தளர்ந்து தொங்க எடுக்கணும். 11.5க்குக் கீழ் சிவப்பு, 12.5 வரை மஞ்சள். இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். குழி விழுந்து நின்றால் எடை என்ன சொன்னாலும் அது கடும் நிலைதான், அன்றைக்கே மருத்துவமனை.

இன்னொன்று, வளர்ச்சி அட்டையில் உள்ள பச்சை, மஞ்சள், சிவப்பு வயதுக்கேற்ற எடைக்கானது. அதை வைத்துக் கடும் மெலிவு என்று முடிவுகட்டக் கூடாது. இந்தக் குழப்பம் மட்டும் தீர்ந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வலைக்கயிறு:

கஞ்சிப்பாசி அக்கா, "பிரச்சினை பணம் இல்லை, மணி" என்று ஒரே போடாகப் போட்டால் எப்படி? பூட்டிக் கிடக்கிற காப்பகத்தில் எந்த மணி ஓடும்? நான் சொல்ல வந்த காட்சி சின்னது: பூட்டிய காப்பகம், சுவரில் அழியாத அ, ஆ, சன்னல் கம்பியில் யாரோ வலை காயப் போட்டிருந்தார்கள். அது ஏன் பூட்டியது என்று கேளுங்கள்.

2017க்கு முன்னால் காப்பகத்துக்கு மத்திய அரசு 90, நடத்தும் தொண்டு நிறுவனம் 10 என்று பங்கு. 2017 ஜனவரியிலிருந்து மத்திய அரசு 60, மாநிலம் 30, நிறுவனம் 10. பணம் வரும் வழி நீண்டது, ஒரு பங்கு தாமதித்தால் மற்றதும் நின்றது. பத்துப் பிள்ளை, இருபது பிள்ளை வைத்திருந்த சின்ன அமைப்புகள்தான் முதலில் மூச்சை நிறுத்தின. 2022 ஏப்ரலிலிருந்து பால்னா என்று பேர் மாறி, மத்திய, மாநிலப் பங்கு 60க்கு 40. அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத்தில் பணியாளருக்கு மாதம் 5,500, உதவியாளருக்கு 3,000 ரூபாய். ஏழரை மணி நேரம் 25 கைப்பிள்ளைகளைப் பார்க்க 3,000! அதற்கு மேல் விடியற்காலை ஐந்து மணிக்குத் திற என்றால் யார் வருவார்? மணியை மாற்றவும் பணம்தான் வேண்டும் அக்கா.

இத்தோடு நிறுத்த மனசில்லை. யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். இறால் கம்பெனி, நண்டுக் கம்பெனிகளில் சதை உரிக்கப் போகும் பெண்கள் அரசுக் காப்பகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனம் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்று மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020இலும் அதே 50தான். பெண்கள் 50 பேர் என்று அர்த்தமில்லை, மொத்த ஆள் 50. தாய் நாளுக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம், ஓய்வு நேரமும் அதில் சேர்த்தி. பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் 30 பெண்களுக்கு மேல் என்றிருந்தது, அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எழுதாதீர்கள்.

கம்பெனிக்காரர் சொல்லும் முதல் பதில்: "இவங்க எங்க ஆளு இல்ல, மேஸ்திரி ஆளு." அதற்குத் தயாராக, வேலைக்கு வரும்போது போடும் டோக்கன், எடைச் சீட்டு, வாரக் கூலித் தாள் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். இரண்டாவது பதில்: "எட்டு மாசந்தான் வேலை, தடைக்காலத்துல மூடிடுவோம்." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, உண்மைதான். மற்ற நாளுக்கு அது பதில் ஆகாது. தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு எழுதும்போது ஆள் எண்ணிக்கையை முதல் வரியில் போடுங்கள், குறையைக் கடைசியில். இடம் இல்லை என்றால் பக்கத்துக் கம்பெனியோடு சேர்ந்து பொதுக் காப்பகம் வைக்கவும் வழி உண்டு.

கஞ்சிப்பாசி:

தம்பி, பாசிக்குப் போகிறவர்களுக்கு முதலாளியும் இல்லை, டோக்கனும் இல்லை. கோணிப்பையை எடை போடும் ஏஜெண்டு மட்டுந்தான். நீங்கள் சொன்ன அத்தனையும் சரி, அந்தப் படியில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அதில் ஒன்றும் இல்லை. 3,000 ரூபாய் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன்.

மஞ்சப்பை:

நம் கரையில் மட்டும் வருகிற சிக்கல் ஒன்று. ஒரு பாட்டி, இரண்டு பேரப்பிள்ளை. மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை, இரண்டு வருசம். மருமகள் எங்கே என்று தெரியவில்லை. பெற்றோர் துணையில்லாத பிள்ளைக்கு மாதாமாதம் பணம் தரும் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு விண்ணப்பத்தில் "தந்தை: உயிருடன் / இறந்துவிட்டார்" என்று இரண்டு கட்டம். பாட்டி பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். "எதுல கோடு போடுறது? ரெண்டும் பொய்யி" என்றார்.

இறப்புச் சான்று இல்லாமல் தந்தையை இழந்த பிள்ளை என்று காட்ட முடியாது. ஏழு வருசம் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம், பழையதில் 108ஆம் பிரிவு, 2023 சட்டத்தில் 111. ஏழு வருசத்தில் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்துவிடும்!

வழி அந்தக் கட்டத்தில் இல்லை. பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி தலைவரும் நாலு உறுப்பினரும் உள்ள குழு அது. கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை என்று அவர்கள் போடும் உத்தரவுக்கு இறப்புச் சான்று தேவையில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு, அவர்கள் வீட்டுக்கு வந்து எழுதும் சமூக விசாரணை அறிக்கை, பிறகு குழு, பிறகு ஒப்புதல் கமிட்டி என்று போகும். கையில் இருக்க வேண்டியது: காணவில்லை என்று பதிந்த முதல் தகவல் அறிக்கை, மீன்துறையில் அந்தப் படகு அன்றைக்குப் போன டோக்கன் நகல், குடும்ப அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்று, வருமானச் சான்று. கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000க்கு மேல் போகக் கூடாது, மற்ற இடத்தில் 96,000. ஒப்புதலானால் பிள்ளைக்கு மாதம் 4,000.

பெரும்பாலும் கெடுவது வருமானச் சான்றில். காணாமல்போன மகனின் வருமானத்தையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள், அட்டையில் பேர் இருக்கிறதே என்று. முதல் தகவல் அறிக்கை நகலை அந்த மனுவோடே இணைத்துவிடுங்கள். மாநிலத்தின் அன்புக் கரங்கள் 2025 செப்டம்பர் 15இல் தொடங்கியது, 18 வயது வரை மாதம் 2,000. அதிலும் பெற்றோர் நிலைக்குச் சான்று கேட்பார்கள், இதே தாள்கள் அங்கேயும் உதவும்.

பாட்டி கடைசிவரை எந்தக் கட்டத்திலும் கோடு போடவில்லை.

உப்புத்தண்ணி:

நீங்கள் எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள். ஒரு மையத்து ஆயா அடுப்பு முன் நின்று பருப்பை இரண்டு விரலில் நசுக்கிப் பார்த்து, மறுபடியும் மூடிய காட்சி எனக்கு. ஒண்ணேகால் மணி நேரம் கொதித்தும் மணியாகவே இருந்தது. போர்த் தண்ணி. அதில் உள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் பருப்பை இறுக்கிவிடும். சோடா போட்டால் வெந்துவிடும், ஆனால் பி1 சத்து போய்விடும். காவிரித் தண்ணி வரும் நாளில் பருப்புக்கென்று மட்டும் ஒரு குடம் எடுத்து வையுங்கள், அரிசி கழுவப் போர்த் தண்ணி போதும். முன்னிரவே ஊறவைத்து, உப்பைக் கடைசியில் போடுங்கள்.

பிள்ளைக்கு நாளுக்கு இத்தனை கலோரி, இத்தனை புரதம், இத்தனை ரூபாய் என்பது கணக்கு. 6 ரூபாயாக இருந்தது 8 ஆனது 2017இல். வேகாத பருப்பைப் பிள்ளை துப்பினால் கணக்கில் புரதம் உண்டு, வயிற்றில் இல்லை.

கச்சான்காற்று:

ஈரச் சேலையோடு வந்த அந்தத் தாய் என்ன ஆனார் என்று கேட்டவர்களுக்கு: எண் மாற்றியாகிவிட்டது, தபால்காரர் மூலமாகத்தான். மறு மாதம் முகம் பொருந்தியது. முந்தின மாதத்துப் பாக்கெட்டைக் கேட்டதற்கு, "அது இருப்புல ஏறிருச்சு, எடுத்துத் தர வழி இல்ல" என்றார் டீச்சர். பதிவேட்டில் அந்த மாதம் அவர் பேருக்கு நேரே "வரவில்லை" என்று இருக்கிறது.