பெட்டி ஒன் ஆகுது, திரையில ஒண்டும் வரேல்லை, சத்தமும் இல்லை. மதர்போட் போச்சோ? அவசரம்

கடலோரம் (வியாழன், இரவு 8.50)

எல்லாருக்கும் வணக்கம். காரைநகரில சின்னதா ஒரு ரைப்செற்றிங், போட்டோக்கொப்பிக் கடை வைச்சிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை காலமான ஒரு ஐயாவின்ர 31ஆம் நாள். அவரின்ர கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) 48 பக்கம், பேஜ்மேக்கர் எண்ட பக்கம் அமைக்கிற புரோக்கிராமில பாமினி எண்ட தமிழ் எழுத்துருவில முழுக்க அடிச்சு முடிச்சிட்டன். சனி காலமை அச்சகத்துக்குக் குடுக்கோணும். நேற்றுக் காலமை கடையைத் திறந்து கொம்பியூட்டரை ஒன் பண்ணினா காத்தாடி சுத்துது, முன்பக்கம் நீல லைற் எரியுது, மொனிற்றரில மட்டும் சிக்னல் இல்லை எண்டு வந்துபோட்டு அதுவும் அணைஞ்சுபோகுது. வேற ஒண்டும் இல்லை.

பெட்டியை மோட்டார்சைக்கிளில கட்டி பொன்னாலைப் பாலத்தால கொண்டுபோய் ரவுணில ஒரு இடத்தில காட்டினம். பத்து நிமிசம் பாத்திட்டு மதர்போட் (எல்லாம் குத்திக் கிடக்கிற பெரிய பலகை) போட்டுது, போட், புரொசசர் (பெட்டியின்ர மூளை), றாம் (நினைவகத் துண்டு) மூண்டும் மாத்தோணும், ஒரு கிழமை செல்லும் எண்டு சொல்லிச்சினம். திருப்பி வீட்டை கொண்டுவந்திட்டன்.

பெட்டி 2012இல அசெம்பிள் பண்ணினது, விண்டோஸ் 7. அந்தக் கல்வெட்டில வர்ற வம்சாவழி நாலு தலைமுறை. ஐயாவின்ர தமக்கை 80 வயதில நினைவுபடுத்திச் சொல்லச் சொல்ல அடிச்சது. அதுக்கு வேற பிரதி இல்லை. நித்திரை வருதில்லை. ஆராவது தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

மின்மினி (வியாழன், இரவு 9.05)

அக்கா, முதல்ல றாமைக் கழட்டித் துடைச்சுப் போட்டுப் பாருங்கோ. எனக்கு ரெண்டு தரம் இப்பிடி வந்து அதோட சரியானது.

இணுவில் அண்ணை (வியாழன், இரவு 9.40)

தங்கச்சி, முதல் விசயம்: உங்கட கல்வெட்டு ஹாட் டிஸ்கில கிடக்கு. மதர்போட் உண்மையிலயே போயிருந்தாலும் அது போகாது. கடைசி வழியா டிஸ்கைக் கழட்டி, தனிக் கரண்ட் அடப்டர் உள்ள யூஎஸ்பி வயர் ஒண்டில குத்தி ஒரு மடிக்கணினியில எடுக்கலாம். பெரிய டிஸ்குக்கு 12 வோல்ட் வேணும், அதால அடப்டர் இல்லாத வயர் சரிவராது. ஆனா எடுக்கிற மெஷினில பேஜ்மேக்கரும் பாமினியும் இருக்கோணும், உங்களுக்கு அது நான் சொல்லத் தேவையில்லை. அதால பெட்டியையே எழுப்பப் பாப்பம்.

தம்பி மின்மினி சொன்னது பிழை இல்லை. ஆனா கண்டபடி கழட்டமுதல் பெட்டி என்ன சொல்லுது எண்டு கேக்கோணும். ஒன் பண்ணின உடன அது தன்னைத்தானே ஒரு சோதனை செய்யும்: புரொசசர், பிறகு றாம், பிறகு படம் காட்டுற கார்ட், கடைசியா டிஸ்க். றாமில தட்டுப்பட்டா படம் காட்டுற இடத்துக்கே அது வராது. அதாலதான் அந்த நேரத்துப் பிழையை எழுத்தில காட்ட ஏலாமல் சத்தத்தாலயும் லைற்றாலயும் சொல்ல வைச்சிருக்கினம்.

மூடியைத் திறந்து நாலு விசயம் பாத்துச் சொல்லுங்கோ. கரண்ட் வயர் குத்தி ஒன் பண்ணமுதலே போட்டில ஒரு சின்னப் பச்சை லைற் எரியுதோ? ஒன் ஆன பிறகு கீபோட்டில கப்ஸ் லொக்கை அமத்தினா அதின்ர லைற் மாறுதோ? ஹாட் டிஸ்க் லைற் துடிக்குதோ? பெட்டிக்குள்ள ஸ்பீக்கர் இருக்கோ?

கடலோரம் (வியாழன், இரவு 10.15)

அண்ணை, பச்சை லைற் எரியுது. கப்ஸ் லொக் மாறேல்லை. டிஸ்க் லைற் ஒருக்கா மினுங்கிப்போட்டு நிக்குது. ஸ்பீக்கர் எண்டு நீங்கள் சொல்லுறது பாட்டுக் கேக்கிற ஸ்பீக்கரோ? அது மேசையில இருக்கு, சத்தம் வரேல்லை.

இணுவில் அண்ணை (வியாழன், இரவு 10.35)

அது இல்லைப் பிள்ளை. அஞ்சு சதக் குத்தியளவில கறுப்பா ஒரு குட்டி ஸ்பீக்கர், ரெண்டு வயரோட பெட்டிக்குள்ள இருக்கும். பவர் பட்டனில இருந்து வர்ற வயர்கள் போட்டில குத்துப்படுற மூலையைப் பாருங்கோ. அதில ஸ்பீக்கர் எண்டு எழுதி நாலு பின் வரிசையா நிக்கும்.

பச்சை லைற் எரியுறதெண்டா பவர் சப்ளை 5 வோல்ட் காத்திருப்புக் கரண்டைத் தருது எண்டு அர்த்தம். அது மட்டும் காணாது, காத்தாடியும் நிக்காமல் சுத்துறபடியால பவர் பக்கத்தை இப்ப பின்னுக்கு வைப்பம். சுத்தி நிண்டு திருப்பிச் சுத்தி நிண்டு எண்டு இருந்தா வேற கதை. கப்ஸ் லொக் மாறாததும் டிஸ்க் துடிக்காததும், சோதனை நடுவில நிண்டுபோச்சு எண்டு காட்டுது. மொனிற்றர் வயரிலயோ விண்டோசிலயோ குற்றம் இல்லை.

கடலோரம் (வியாழன், இரவு 10.50)

நாலு பின்னும் வெறுமையா நிக்குது அண்ணை.

இணுவில் அண்ணை (வியாழன், இரவு 11.00)

அப்ப பெட்டி ரெண்டு நாளாக் கத்தியிருக்கும், வாய் இல்லாமல். சத்தம் இல்லையெண்டு வைச்சு போட் செத்தது எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. இப்ப வர்ற பெட்டியள் கனக்கவற்றில இந்த ஸ்பீக்கரைப் போடாமலே விக்கினம்.

ஊருக்குள்ள ஆற்றையாவது வீட்டில பழுதான பழைய பெட்டி ஒண்டு கிடக்கும், அதில இருந்து கழட்டுங்கோ. நாலு ஓட்டைத் தலைப்பில ரெண்டு அந்தத்திலயும் சிவப்பும் கறுப்பும் இருக்கும். மாறிக் குத்தினாலும் எரியாது. சத்தம் வராட்டித் திருப்பிக் குத்திப் பாருங்கோ. பிறகு ஒன் பண்ணி, கேக்கிறதை அப்பிடியே எழுதுங்கோ. எது நீளம், எது குட்டை, எத்தினை, நடுவில எவ்வளவு இடைவெளி. போனில பதிஞ்சு ரெண்டு தரம் கேட்டா இன்னும் நல்லம்.

கடலோரம் (வெள்ளி, காலமை 7.20)

அத்தான் வீட்டு அறைக்குள்ள பழைய பெட்டி ஒண்டு இருந்தது, ஸ்பீக்கரும் அதுக்குள்ள இருந்தது. குத்தி ஒன் பண்ணின உடன கத்திச்சுது! ஒரு நீளம், ரெண்டு குட்டை. கொஞ்சம் நிண்டு திருப்பி ஒரு நீளம், ரெண்டு குட்டை. நிப்பாட்டும்வரை அப்பிடியே.

வன்னியூரான் (வெள்ளி, காலமை 7.45)

ஒரு நீளம் ரெண்டு குட்டை எண்டா கிராபிக்ஸ் கார்ட். நான் 20 வருசமாப் பாக்கிறன். பாவிச்ச கார்ட் ஒண்டு வாங்கிக் குத்துங்கோ, சரியாகும்.

இணுவில் அண்ணை (வெள்ளி, காலமை 8.10)

வன்னியூரான், நீங்கள் சொல்லுறது உண்மை, ஆனா எல்லாப் போட்டுக்கும் இல்லை. 1981இல வந்த முதலாவது ஐபிஎம் பீசியிலயே ஒரு நீளம் ரெண்டு குட்டை படம் காட்டுற கார்ட்டின்ர பிழைதான். பிறகு வந்த அவாட் கொம்பனியின்ர பயோசும் (போட்டில எழுதிக் கிடக்கிற, பெட்டியை எழுப்புற புரோக்கிராம்) அதையே வைச்சிருந்தது. எங்கட வயதுக்காரருக்கு அது மனப்பாடம். ஆனா இந்தப் பாசை எல்லா வீட்டிலயும் ஒரே மாதிரி இல்லை. ஆசுஸ் கொம்பனிப் போட்டில அதே ஒரு நீளம் ரெண்டு குட்டை எண்டா றாம் காணேல்லை எண்டு அர்த்தம். அங்க கார்ட் இல்லாட்டி ஒரு நீளம் மூண்டு குட்டை.

இப்ப கனபேர் பாவிச்ச ஒபிஸ் மெஷின் வாங்கிறபடியால அதையும் சொல்லிவிடுறன். பழைய எச்பி ஒபிஸ் மெஷின்களில பவர் லைற் சிவப்பா அஞ்சு தரம் மினுங்கி அஞ்சு தரம் கத்தினா றாம், ரெண்டு தரம் எண்டா புரொசசர் சூடு. அஞ்சு சுற்றுக் கத்தின பிறகு சத்தம் நிண்டுபோகும், லைற் மட்டும் மினுங்கிக்கொண்டே இருக்கும். பிந்தி வந்து பாக்கிறவை சத்தம் இல்லை எண்டு ஏமாறுறது அதாலதான். டெல் மெஷின்கள் பலதில பட்டன் செம்மஞ்சளா ரெண்டு தரம் மினுங்கி, சின்ன இடைவெளி விட்டு மூண்டு தரம் மினுங்கினா றாம் காணேல்லை. ரெண்டும் ஒண்டும் எண்டா புரொசசர். இப்பத்தைய போட்டுகளில புரொசசர், றாம், படம், டிஸ்க் எண்டு எழுதி நாலு குட்டி லைற்றே வைச்சிருக்கினம். எதில எரிஞ்சு நிக்குதோ அங்கதான் தடை.

தங்கச்சி, போட்டில பெரிய எழுத்தில என்ன பெயர் இருக்கு?

கடலோரம் (வெள்ளி, காலமை 8.25)

ஆசுஸ் அண்ணை. எச்61 எண்டும் இருக்கு. தனிக் கார்ட் ஒண்டும் இல்லை, மொனிற்றர் வயர் நேர போட்டிலதான்.

வன்னியூரான் (வெள்ளி, காலமை 8.30)

அப்ப அண்ணை சொல்லுறதுதான் சரி. நல்லகாலம், அவ கார்ட் வாங்கமுதல் கேட்டியள்.

இணுவில் அண்ணை (வெள்ளி, காலமை 8.50)

றாம்தான். இன்னொண்டையும் யோசிச்சுப் பாருங்கோ: இந்தச் சத்தத்தைப் போடுறது ஆர்? பயோசில எழுதிக் கிடக்கிற கட்டளையை புரொசசர் வாசிச்சு ஓட்டினால்தான் நீளம் குட்டை எண்டு எண்ணிக் கத்த ஏலும். அப்ப உங்கட புரொசசரும் போட்டும் உயிரோடதான் நிக்குது.

செய்முறை. கரண்ட் வயரைக் கழட்டிப்போட்டு பவர் பட்டனை ஒரு பத்து செக்கன் அமத்திப் பிடியுங்கோ. போட்டில அந்தப் பச்சை லைற் முழுசா அணைஞ்ச பிறகுதான் கை வைக்கோணும். அது எரியேக்க றாமை இழுத்தா நல்ல றாமும் போகும். பெட்டியின்ர பெயின்ற் இல்லாத தகரத்தைத் தொட்டுப்போட்டு, றாமின்ர ரெண்டு பக்கக் கிளிப்பையும் விலத்தி நேர மேல இழுங்கோ. அடியில பொன் நிறத்தில வரிசையா இருக்கிற பட்டியைப் பாருங்கோ. காரைநகர் கடல் காத்தும் மாரி ஈரமும் அதைக் கறுப்பாக்கியிருக்கும். பென்சில் எழுத்து அழிக்கிற வெள்ளை அழிறப்பரால ஒரே பக்கமா மெல்லமாத் தேயுங்கோ. மண்கடதாசி வேண்டாம், பொன் பூச்சு உரிஞ்சுபோகும். துகளைத் துடைச்சுப்போட்டு, குத்துற வரிசைக்குள்ள காய்ஞ்ச மெல்லிய பிறஸ்ஸால தூசியை எடுங்கோ.

பிறகு ஒரு துண்டை மட்டும் ஒரு வரிசையில குத்துங்கோ. ரெண்டு கிளிப்பும் தானா "கிளிக்" எண்டு மூடோணும். மூடாட்டி உள்ளுக்குப் போகேல்லை. ரெண்டு துண்டும் ரெண்டு வரிசையும் எண்டா நாலு விதமாப் பாக்கலாம். ஒவ்வொருதரமும் கரண்டைக் கழட்டிப்போட்டு.

கடலோரம் (வெள்ளி, காலமை 10.40)

அண்ணை, நீங்கள் சொன்ன மாதிரியே கறுத்துப்போய்க் கிடந்தது, ஒரு துண்டில ரெண்டு மூண்டு இடத்தில பச்சைப் பாசி மாதிரியும். தேய்ச்ச உடன அழிறப்பர் கரியாப் போச்சு, பட்டி புதுக் காப்பு மாதிரி மினுங்குது. முதலாவது துண்டைக் குத்தி ஒன் பண்ணினன். ஒரேயொரு குட்டைச் சத்தம். திரையில எழுத்து வந்தது! கண்ணீர் வந்திட்டுது.

ஆனா சீமோஸ் எண்டு ஏதோ சொல்லி எஃப்1 ஐ அமத்தச் சொல்லிச்சுது. அமத்தினன். விண்டோஸ் அடையாளம் வந்து அரைவாசியில நீலத் திரை ஒரு கணம் மின்னி, திருப்பி முதல்ல இருந்து. மூண்டு தரமும் அப்பிடித்தான்.

மின்மினி (வெள்ளி, காலமை 10.55)

விண்டோஸ் பழுதாப்போச்சுப் போல அக்கா. விண்டோசைப் புதுசா அடிக்க (திருப்பிப் போட) வேண்டி வரும்.

இணுவில் அண்ணை (வெள்ளி, காலமை 11.00)

தங்கச்சி, ஒண்டும் அடிக்காதேங்கோ! ஃபோர்மற் (டிஸ்கை அழிக்கிறது) எண்ட சொல்லையே எடுக்காதேங்கோ. அந்தக் குட்டைச் சத்தம் சோதனை பாஸ் எண்டதுக்கான அடையாளம். இப்ப மிச்சம் இருக்கிறது சின்ன விசயம்.

நீலத் திரையை ஒரு போட்டோ எடுங்கோ. கீழ வர்ற நீள எண் 7பி எண்டு முடிஞ்சா விண்டோசால டிஸ்கைப் பிடிக்க ஏலேல்லை எண்டு அர்த்தம். நடந்தது இதுதான் எண்டு நினைக்கிறன்: போட்டில காசுக் குத்தி மாதிரி ஒரு பற்றறி இருக்கு, சீஆர் 2032, 3 வோல்ட். 2012இல இருந்து மாத்தியிருக்க மாட்டியள். அது முடிஞ்சா, கரண்ட் வயரைக் கழட்டின உடன பயோசில இருக்கிற செற்றிங் (சீமோஸ் எண்டது அதை வைச்சிருக்கிற இடம்) எல்லாம் அழிஞ்சு பழைய நிலைக்குப் போகும். சாதாவா அந்தக் காலப் போட்டுகள் பலதில டிஸ்கோட பேசிற முறை பழைய ஐடிஈ எண்டு வந்து நிக்கும். உங்கட விண்டோஸ் போட்டது புதிய ஏஎச்சிஐ முறையில எண்டா அது எழும்பாது.

ஒன் பண்ணின உடன டிலீற் பட்டனைத் தட்டித் தட்டி பயோசுக்குள்ள போங்கோ. திகதி பிழையா இருக்கும், சரியாக்குங்கோ. சாற்றா (டிஸ்க் குத்துற இணைப்பு) எண்ட பகுதியில ஐடிஈ எண்டு இருந்தா ஏஎச்சிஐ ஆக்கி, எஃப்10 ஆல சேமிச்சு வெளிய வாங்கோ. இண்டைக்கு வேலை முடியும்வரை கரண்ட் வயரைக் கழட்டாதேங்கோ.

கடலோரம் (வெள்ளி, பின்னேரம் 4.30)

வந்திட்டுது. திகதி 2011 தை 1 எண்டு நிண்டது, டிஸ்க் ஐடிஈ எண்டே இருந்தது. மாத்தின உடன விண்டோஸ் நேர எழும்பிச்சுது. பேஜ்மேக்கரைத் திறந்து முதல்ல பாத்தது 37ஆம் பக்கம், வம்சாவழி. ஒரு எழுத்தும் அசையாமல் நிக்குது. ரெண்டு பென் டிரைவிலயும் என்ர போனிலயும் பிரதி எடுத்திட்டன், பாமினி எழுத்தையும் சேர்த்து. அதுக்குப் பிறகுதான் சாப்பிட்டன்.

மத்தியானம் பற்றறி வாங்கி மாத்தியாச்சு. ரெண்டாவது றாம் துண்டைத் தேய்ச்சுப்போட்டு ரெண்டு வரிசையிலயும் குத்திப் பாத்தன், ரெண்டிலயும் அதே ஒரு நீளம் ரெண்டு குட்டை. அந்தப் பாசி பிடிச்ச துண்டுதான். அது போட்டுது, என்னண்ணை?

இணுவில் அண்ணை (வெள்ளி, பின்னேரம் 5.05)

ஓம், அது முடிஞ்சுது. நல்ல துண்டில என்ன எழுதியிருக்கு எண்டு பாத்து அதே மாதிரி டீடிஆர்3 வகை றாம் ஒண்டு வாங்குங்கோ, பாவிச்சதே காணும். மாரி முடியும்வரை பெட்டியை யன்னல் பக்கம் வைக்காதேங்கோ. வேலை இல்லாத நாளிலயும் ஒரு மணித்தியாலம் ஒன் பண்ணி விடுங்கோ, உள்சூட்டுக்கு ஈரம் தங்காது.

மின்மினி (வெள்ளி, பின்னேரம் 5.20)

அக்கா, நான் விண்டோஸ் அடிக்கச் சொன்னதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஐடிஈ விசயம் எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்.

கடலோரம் (சனி, மத்தியானம் 12.15)

அதொண்டும் இல்லைத் தம்பி, முதல்ல றாம் எண்டு சொன்னது நீங்கள்தானே. காலமை அச்சகத்தில குடுத்திட்டன், நாளைக்கு விடிய 200 பிரதி வரும். ஐயாவின்ர தமக்கையிட்ட முதல் பிரதியைக் கொண்டுபோய் நானே குடுக்கப்போறன். அண்ணை, அந்த ஸ்பீக்கரை நான் கழட்டேல்லை. அது இனி எங்கட கடைப் பெட்டியிலதான் எண்டு அத்தானிட்டயும் சொல்லிட்டன்.