முப்பரிமாணப் பொருள தாள்ல வரையுறப்ப ஐசோவா (ஐசோமெட்ரிக்) ஆக்ஸோவா (ஆக்ஸோனோமெட்ரிக்)ன்னு குழம்பி மாட்டுன கதை இருந்தா சொல்லுங்க

கோட்டுக்காரன்:
நான் மெக்கானிக்கல் டிராஃப்டிங்ல இருந்து ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் பக்கம் வந்தவன். வந்த புதுசுல சார் "இந்த வீட்டுக்கு ஒரு ஆக்ஸோ போட்டு வைப்பா"ன்னு சொல்லிட்டு சைட்டுக்குக் கிளம்பிட்டாரு, நமக்குத் தெரிஞ்சு ஆக்ஸோனோமெட்ரிக்ங்கறது குடும்பப் பேரு, அதுல ஐசோமெட்ரிக் (மூணு அச்சும் ஒரே அளவு சுருங்கும்), டைமெட்ரிக் (ரெண்டு அச்சு மட்டும் ஒரே அளவு), டிரைமெட்ரிக் (மூணும் வேற வேற அளவு)னு மூணு பிள்ளைங்க, ஐசோ போட்டா ஆச்சுன்னு 30 டிகிரி செட்ஸ்கொயர வச்சுக்கிட்டு ராத்திரி வரைக்கும் உக்காந்தேன், வட்டப் படிக்கட்டுக்கு எலிப்ஸ் போட்டே கை ஒடிஞ்சிருச்சு. காலைல பாத்துட்டு "நல்லாதான் இருக்கு, என் பிளான் எங்கப்பா?"ன்னாரு. அப்புறம் அவரே பிளான 45 டிகிரி திருப்பி வச்சு, மேல டிரேசிங் பேப்பர ஒட்டி, சுவரையெல்லாம் நேரா மேல இழுத்தாரு. மூலை எல்லாம் 90 டிகிரியாவே நிக்குது, வட்டம் வட்டமாவே இருக்கு, படிக்கட்டு காம்பஸ்லயே முடிஞ்சிருச்சு! அவங்க பாஷைல ஆக்ஸோன்னா அதுதான். நாங்க அத பிளான் ஆப்ளிக்னு சொல்லுவோம், ஐசோ இருக்கிற குடும்பத்துலயே சேக்க மாட்டோம்.

டைல்பொம்மை:
அண்ணே எங்க கேம் ஆர்ட் பக்கம் இன்னும் மோசம். தரைக்கு அடுக்குற 64க்கு 32 பிக்சல் சாய்சதுரப் படத்த, அதான் டைல, எல்லாரும் ஐசோமெட்ரிக்னுதான் சொல்லுவோம், நானும் அத நம்பி 3டி சாஃப்ட்வேர்ல கேமராவ ஐசோவுக்கு உண்டான 35.264 டிகிரி கீழ சாச்சு வச்சு ஒரு கட்டடம் ரெண்டர் பண்ணி டைல் மேல வச்சா ஓரம் உக்காரவே மாட்டேங்குது, ரெண்டு நாள் ஸ்கேல் பண்ணி ஸ்கேல் பண்ணிப் பாத்தேன். நிஜ ஐசோல டைலோட அகலம் உயரத்தப்போல 1.732 மடங்குதான் வரும், நம்ம டைல் சரியா 2 மடங்கு, டைலோட ஓரக்கோடு 30க்குப் பதிலா 26.565 டிகிரில போகுது, அதாவது இது டைமெட்ரிக். கேமராவ 30 டிகிரிக்கு இறக்குனதும் கச்சிதமா உக்காந்துச்சு. இப்பவும் ஃபோல்டர் பேரு ஐசோதான், யாரு மாத்துறது.

பழைய மாணவன்:
ஐசோக்குள்ளயே ரெண்டு இருக்கே, விளிம்ப 0.816 மடங்கா சுருக்கிப் போடுற புரொஜெக்ஷன், சுருக்காம போடுற டிராயிங்னு, அதுல விழுந்தவன் நான். பரீட்சைல கனசதுரத்து மேல ஒரு கோளம், ஐசோமெட்ரிக் புரொஜெக்ஷன் கேட்டான். விளிம்ப 0.816ஆல பெருக்குன கையோட கோளத்தோட ஆரத்தையும் பெருக்கிட்டேன், கோளம் எந்தப் பக்கம் பாத்தாலும் முழு ஆரம்தானே, சுருங்கவே சுருங்காது. கோலிகுண்டு மாதிரி வந்துச்சு, அப்பவாச்சும் சந்தேகம் வந்திருக்கணும்.