லெ ஃபோர்ட் 1 (மேல்தாடையை வெட்டி நகர்த்தும் அறுவை): மேல்தாடை உயரம் மட்டும் விலகுகிறது, ஆலோசனை தேவை

வணக்கம். இரு தாடை அறுவையில் மேல்தாடையை முதலில் நகர்த்துபவர்களிடம் கேட்கிறோம்.

திட்டம்: 5 மி.மீ. முன்னகர்வு, பின்பக்கம் 4 மி.மீ., முன்பக்கம் 2 மி.மீ. மேலேற்றம். சிபிசிடி எனும் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனையும் பல் ஸ்கேனையும் கணினியில் பொருத்தி, இடைநிலை ஸ்பிளிண்டை (இன்னும் நகர்த்தாத கீழ்ப்பற்களை வைத்து மேல்தாடையின் புது இடத்தைக் காட்டும் பல் தகடு) 3டி பிரிண்ட் எடுக்கிறோம். முன்னகர்வும் நடுக்கோடும் சரியாக வருகின்றன. உயரம்தான் 2 மி.மீ. வரை தப்புகிறது.

ஸ்பிளிண்ட் உயரத்தைக் கட்டுப்படுத்தாது என்பது தெரிந்ததே. அதனால் மூக்கின் வேரில் சிறு உலோக ஊசி பதித்து, முன்பல்லில் ஒட்டிய பிராக்கெட் வரை காலிப்பரால் அளக்கிறோம். ஆனால் அந்தக் கோடு சாய்வானது; தாடை முன்னே வந்தாலே தூரம் மாறும். பழைய அளவில் 2 மி.மீ. கழிப்பது தவறு என்றே நினைக்கிறோம். மென்பொருளிலேயே இறுதித் தூரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு போகிறீர்களா?

இன்னொரு சந்தேகம், பின்பக்க எலும்புத் தடை. அண்ணத் தமனியைச் சுற்றியும் மேல்தாடையின் பின்முனை டெரிகாய்டு எலும்போடு சேரும் சந்திப்பிலும் எலும்பு மிஞ்சினால், தாடையை மேலே அழுத்தும்போது கான்டைல் (கீழ்த்தாடை மூட்டின் தலை) குழியிலிருந்து கீழிறங்கிவிடும். எலும்பைப் பிடிக்கும் பிளேட்டை முறுக்கி, இரு தாடைகளையும் சேர்த்துக் கட்டிய கம்பியை அவிழ்த்ததும் முன்பற்கள் சேராமல் திறந்து நிற்கும். பிளேட் போடுமுன் இதை எப்படி உறுதிசெய்கிறீர்கள்?

ஸ்கேன் எடுத்தபோது நோயாளி பற்களைக் கடித்த நிலை தவறியிருக்குமோ என்றும் பார்த்தோம். அப்படியென்றால் முன்னகர்வும் பிசகியிருக்க வேண்டும், பிசகவில்லை.

எலும்பை எங்கே வெட்டுவது என்று காட்டும் வெட்டு வழிகாட்டியும் நோயாளிக்கென்றே செய்த பிளேட்டும் பயன்படுத்துபவர்கள், பின்பக்க உயரம் எவ்வளவு துல்லியமாக வருகிறது என்று சொல்லுங்கள்.